ஹிப்னோஸ்போர்: உறங்குவித்தா, வன்சுவரணுவா?

வணக்கம்.

சிப்பி, மட்டி முதலிய இருவோட்டு மெல்லுடலிகளில் நோயுண்டாக்கும் ஒருசெல் ஒட்டுண்ணிகளைப் பற்றிய ஆய்வகக் கையேட்டுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. விருந்தோம்பி, செவுள், மேன்டில், கசையிழை, குருதியணு போன்றவை பாடநூல்களில் நிலைத்துவிட்டதால் அவற்றில் சிக்கல் இல்லை. இடிப்பது ஹிப்னோஸ்போர், அதாவது ஒட்டுண்ணி பருத்துத் தடித்த சுவரோடு இருக்கும் நிலை. பெர்கின்சஸ் இன ஒட்டுண்ணிகளைக் கண்டறியும் ரே சோதனையே இந்த நிலையைத் தேடி எண்ணுவதுதான் என்பதால், பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல் வருகிறது.

கிரேக்கத்தில் ஹிப்னோஸ் என்றால் உறக்கம். ஸ்போருக்கு வித்து என்று பாடநூலில் இருக்கிறது. ஆகவே "உறங்குவித்து" என்று முன்மொழிகிறேன். பட்டியலில் தீராத மற்ற இரு சொற்களான பிளாஸ்மோடியம், மைக்ரோசெல் இரண்டுக்கும் சேர்த்தே கருத்துச் சொன்னால் நல்லது.

அன்புடன்.

*

> ஆகவே "உறங்குவித்து" என்று முன்மொழிகிறேன்.

காதுக்கு இனிய சொல்தான். ஆனால் அந்த அணு உறங்குவதுமில்லை, அது வித்துமில்லை.

உயிருள்ள சிப்பியின் திசுவில் பெர்கின்சஸ் மரைனஸ் இருக்கும் விதத்தை முதலில் பார்ப்போம். 2 முதல் 10 மைக்ரான் வரையுள்ள உருண்டை அணு. உள்ளே பெரிய நுண்குமிழி ஒன்று உட்கருவை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். நுண்ணோக்கியில் முத்திரை மோதிரம் போலத் தெரியும். தாயணுவின் சுவருக்குள்ளேயே பலவாகப் பிளந்து, சுவர் கிழிந்ததும் சேயணுக்கள் வெளியேறும். பெருக்கம் நடப்பது இப்படித்தான். இந்தக் கட்டத்தில் ஹிப்னோஸ்போர் என்று ஒன்று அனேகமாகக் கண்ணில் படாது.

அதை உண்டாக்குவது ரே சோதனையின் சோதனைக்குழாய். மலக்குடல், செவுள், மேன்டில் ஆகியவற்றிலிருந்து சிறு துண்டுகள் வெட்டி, உயிர்வளி குன்றிய தயோகிளைக்கலேட் நீர்ம ஊடகத்தில் போடுகிறோம். பாக்டீரியா பெருகாமலிருக்க நுண்ணுயிர்க்கொல்லியும் பூஞ்சை வராமலிருக்க நிஸ்டாட்டினும் சேர்ப்பது கட்டாயம். இதில் கஞ்சத்தனம் செய்தால் நான்காம் நாள் குழாயில் அழுகல் கலங்கல்தான் மிஞ்சும். 22 முதல் 25 பாகை செல்சியசில், இருட்டில், 4 முதல் 7 நாள். அந்த நாள்களில் ஒட்டுண்ணி பிளவுபடாமல் பருத்துக்கொண்டே போகிறது. மைக்ரான் கணக்கில் ஒற்றை இலக்கத்தில் இருந்தது பல பத்துகளைத் தொடும், சுவரும் தடிக்கும். பிறகு திசுவைக் கண்ணாடிச் சில்லில் ஊசியால் பிரித்து, லூகால் அயோடின் விட்டு மூடினால் நீலக்கருப்பு உருண்டைகள் தெரியும். நிறம் வெளிறிவிடும் என்பதால் அன்றன்றே எண்ணிவிட வேண்டும்.

அதே உருண்டையை எடுத்துக் கடல்நீரில் விட்டால் உள்ளே அடுத்தடுத்துப் பிளந்து, வெளியேற்றுக் குழல் ஒன்றை நீட்டி, இரு கசையிழை கொண்ட நீந்தும் அணுக்களை (இயங்குவித்துகளை) நூற்றுக்கணக்கில் வெளியே விடுகிறது. ஊடகத்தில் வளர்ச்சி, கடல்நீரில் பிரசவம்; உறக்கம் எங்கே? அண்மைக் கட்டுரைகள் பலவும் ஹிப்னோஸ்போரை விட்டுவிட்டு "இயங்குவித்துப் பைக்கு முந்தைய நிலை" என்ற பொருளுள்ள பெயருக்கு மாறியதும் இதனால்தான்.

இது வெறும் சொல் நுணுக்கம் அல்ல. "உறங்குவித்து" என்று படிக்கும் பண்ணையாளர், சேற்றில் ஆண்டுக்கணக்கில் படுத்துக் காத்திருக்கும் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார். படுகையைக் காலியாகப் போட்டால் தீரும் என்று முடிவெடுப்பார். ஆனால் பெர்கின்சஸ் மரைனஸ் உண்டாக்கும் டெர்மோ நோய் சிப்பியிலிருந்து சிப்பிக்கு நீர்வழி நேரடியாகத் தொற்றுவது. செத்துச் சிதையும் திசுவிலிருந்தும், நோயுற்ற சிப்பியின் கழிவிலிருந்தும் ஒட்டுண்ணி நீரில் கலக்கிறது. காலிப் படுகைக்குப் பக்கத்திலேயே நோயுற்ற பழைய சிப்பிகள் கிடந்தால், புதிதாக இட்டவை அங்கிருந்து வாங்கிக்கொள்ளும்.

*

இரண்டாம் மடலுக்கு உடன்பாடு. இன்னொரு தடையையும் சொல்ல வேண்டும். சிப்பி வளர்ப்பில் வித்து, விதை என்றால் படுகையில் இடும் இளஞ்சிப்பி. "மாதிரியில் வித்து காணப்பட்டது" என்று அறிக்கை எழுதினால் பண்ணையாளர் மகிழ்ச்சியடைவார்! ஆகவே இந்தத் துறைக்கு மட்டுமாவது ஸ்போருக்கு இலங்கைப் பாடநூல்களின் "வித்தி"யை எடுத்துக்கொள்வோம். இயங்குவித்து இயங்குவித்தி ஆகட்டும். ஓர் எழுத்துத்தான் மாறுகிறது, குழப்பம் போய்விடுகிறது.

ஹிப்னோஸ்போருக்கு என் முன்மொழிவு "தடிசுவரணு". நோக்குபவர் கண்ணால் காண்பதை அப்படியே சொல்கிறது. வகைப்பாட்டைச் சாராதது என்பதும் முக்கியம். இந்த ஒட்டுண்ணி 1950-இல் டெர்மோசிஸ்டிடியம் மரைனம் என்று பூஞ்சைபோல் பெயரிடப்பட்டது. 1966-இல் லாபிரிந்தோமிக்சா ஆனது. 1978-இல் பெர்கின்சஸ் ஆனது. அப்போதே மலேரியா ஒட்டுண்ணியின் கூட்டத்தில் வைத்தார்கள், இப்போது டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற கசையிழை நுண்ணுயிர்களின் பக்கத்து உறவு என்கிறார்கள். பூஞ்சைக் காலத்தின் எச்சம்தான் ஸ்போர் என்ற அந்த வால். உறவுமுறையை நம்பிப் பெயர் வைத்திருந்தால் இதற்குள் மூன்று முறை மாற்றியிருப்போம்.

(அணுவா, செல்லா, கலமா என்ற பழைய சண்டையைத் தயவுசெய்து இங்கே திறக்க வேண்டாம். குருதியணு, விந்தணு போலக் கூட்டுச்சொல்லில் அணு உட்காருகிறது, அவ்வளவே.)

*

"தடிசுவரணு"வில் எனக்கு ஒரு சிறு மாற்றம் உண்டு. தடி என்றதும் கோல் நினைவுக்கு வருவது ஒருபுறம் இருக்கட்டும். தடிமனைவிட அந்தச் சுவரின் வன்மைதான் ஆய்வகத்தில் பயன்படுகிறது. உடல் முழுவதிலும் உள்ள ஒட்டுண்ணிச் சுமையை எண்ணும் முறையை நினைத்துப் பாருங்கள். முழுச் சிப்பிச் சதையையும் நறுக்கி ஊடகத்தில் வைத்து, பிறகு 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 60 பாகையில் சில மணிநேரம் செரிக்க விடுகிறோம். சதை எல்லாம் கரைந்துவிடும், இந்த உருண்டைகள் மட்டும் கரையாமல் நிற்கும். கழுவி, அயோடின் ஏற்றி, எண்ணி, ஒரு கிராம் சதைக்கு இத்தனை என்று எழுதுகிறோம். கழுவும்போது காரம் மிஞ்சினால் அயோடின் நிறம் பிடிக்காது. எண்ணிக்கை பொய்யாகக் குறையும். ஆகவே "வன்சுவரணு". வன்பொருள் என்ற சொல் ஏற்கெனவே பழகியிருப்பதால் வாயிலும் தடங்காது.

கையேட்டில் இந்தச் சொல்லின் கீழ் இரண்டு எச்சரிக்கைகள் கட்டாயம் இருக்க வேண்டும். வன்சுவரணு தெரிந்தால் பெர்கின்சஸ் பேரினம் என்று மட்டுமே சொல்லலாம். மரைனஸ் இனமா, ஓல்செனி இனமா என்று உருவத்தை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்கு டிஎன்ஏ வரிசை பார்க்க வேண்டும். இரண்டும் உலக விலங்கு நல அமைப்பின் அறிவிக்கைப் பட்டியலில் தனித்தனியாக இருப்பதால் இது ஏட்டுச் சிக்கல் அல்ல. அடுத்தது, தெரியவில்லை என்றால் இல்லை என்று பொருளாகாது. ஸ்காலப் வகை மட்டியில் வரும் பெர்கின்சஸ் குக்வாடி இந்த ஊடகத்தில் பருப்பதே இல்லை. இலேசான தொற்றும் சிறு துண்டில் அகப்படாமல் போகலாம்.

*

> பிளாஸ்மோடியம், மைக்ரோசெல் இரண்டுக்கும் சேர்த்தே

பிளாஸ்மோடியத்தை ஒலிபெயர்த்து விடுவது ஆபத்து. தமிழ் வாசகருக்கு அது மலேரியா ஒட்டுண்ணியின் பேரினப் பெயர். "சிப்பியின் செவுளில் பிளாஸ்மோடியம் காணப்பட்டது" என்று ஒரு செய்தித்தாள் வரி போதும், யாரும் சிப்பியைத் தொடமாட்டார்கள். இங்கே பேசப்படும் ஒட்டுண்ணிகள் எவையும் மனிதரைத் தொற்றுவதில்லை என்பதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

இங்கே அந்தச் சொல் குறிப்பது, ஒரே சவ்வுக்குள் பல உட்கருக்கள் கிடக்கும் உடலை. 1957-இல் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் சிப்பிகள் கூட்டமாகச் செத்தபோது திசுவில் கண்டது இதைத்தான். என்னவென்று தெரியாததால் "பல உட்கருக் கோளம், எக்ஸ்" என்று எழுதி வைத்தார்கள். எம்எஸ்எக்ஸ் என்ற நோய்ப்பெயர் அந்தக் குறிப்பின் சுருக்கம்; ஹேப்ளோஸ்போரிடியம் நெல்சோனி என்ற பெயர் பின்னால் வந்தது. ஆகவே "பல்கருத்திரள்" என்பது என் பரிந்துரை. அது செவுளின் மேற்புறத் திசுவில் தொடங்கிக் குருதிவழி உடலெங்கும் பரவும். பிற்பாடு செரிமானச் சுரப்பியின் குழல்களில் மூடியுள்ள உண்மையான ஸ்போர்கள் உருவாகலாம். அவை இளஞ்சிப்பிகளிலேயே அதிகம், வளர்ந்தவற்றில் அரிது. வித்தி என்ற சொல் பொருந்துவது இந்த மூடியுள்ளவற்றுக்குத்தான். பெர்கின்சசின் வன்சுவரணுவுக்கு அதைக் கொடுக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று.

மைக்ரோசெல்: "சிற்றணு". 1979-இல் பிரான்சின் பிரிட்டனிக் கரையில் தட்டைச் சிப்பிகளில் கண்ட பொனாமியா ஆஸ்ட்ரியேயும், 1960-இல் கனடாவின் டென்மன் தீவில் பசிபிக் சிப்பிகளில் கண்ட நோயின் காரணியான மைக்ரோசைட்டோஸ் மெக்கினியும் இந்தப் பெயரில்தான் சேர்த்துப் பேசப்படுகின்றன. அளவைத் தவிர ஒற்றுமை குறைவு. பொனாமியா 2 முதல் 5 மைக்ரான், குருதியணுவுக்குள்ளேயே குடியிருக்கும். இதயம் அல்லது செவுள் துண்டை உறிஞ்சுதாளில் ஒற்றி, சில்லில் பதித்து, உலர்த்தி, மெத்தனாலில் நிலைப்படுத்திச் சாயமேற்றினால் நீலச் சைட்டோபிளாசமும் சிவந்த உட்கருவுமாகத் தெரியும். ஒற்றாமல் ஈரத்தோடு பதித்தால் குருதியணுக்கள் குவிந்து, எது உள்ளே எது வெளியே என்றே தெரியாது. மைக்ரோசைட்டோஸ் இணைப்புத் திசு அணுக்களில் இருப்பது. குளிர்காலத்தில் 10 பாகைக்குக் கீழே மாதக்கணக்கில் இருந்த பிறகுதான் நோய் வெளிப்படும். டெர்மோ இதற்கு நேர் எதிர், 20 பாகைக்கு மேல்தான் அதன் ஆட்டம். ஆகவே சிற்றணு உருவப் பெயர் மட்டுமே, இனப்பெயர் அல்ல என்று குறிப்பு வேண்டும்.

மார்டெய்லியா என்ற இன்னோர் ஒட்டுண்ணியின் அணுவுக்குள் அணு இருக்கும் அமைப்புக்கு முதலணு, உள்ளணு போதும். நீட்ட ஒன்றுமில்லை.

*

முதல் மடலெழுதியவன். உறங்குவித்தை விலக்கிக்கொள்கிறேன். வன்சுவரணு, வித்தி, இயங்குவித்தி, பல்கருத்திரள், சிற்றணு ஐந்தும் பட்டியலில் ஏறுகின்றன. மேலும் மூன்று கேள்விகள்.

டெர்மோவை "தோல்நோய்" என்று ஒருவர் மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறார். பொனாமியோசிசை "பொனாமியா நோய்" எனலாமா? நோய் நீக்கம் என்ற சொல்லை எம்எஸ்எக்சுக்கும் டெர்மோவுக்கும் பொதுவாக ஆளலாமா?

*

தோல்நோய் கூடவே கூடாது. டெர்மோசிஸ்டிடியம் என்ற பழைய பேரினப் பெயரின் முன்பாதி மட்டும் பேச்சில் ஒட்டிக்கொண்டது. சிப்பியின் "தோலில்" ஒன்றும் நடப்பதில்லை. ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும்.

பொனாமியா "தொற்று" என்று எழுதுங்கள், நோய் வேண்டாம். ஒட்டுண்ணி இருக்கும் சிப்பி வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். ஓடு வாய் பிளந்து, சதை மெலிந்து தெரியும்போது தொற்று நெடுநாளாக இருந்திருக்கும். இடம் மாற்றும்போது ஒட்டுண்ணியைச் சுமந்து போவது பெரும்பாலும் நோயில்லாத தோற்றமுள்ள சிப்பிதான். "நோய் இல்லை" என்ற சான்றிதழும் "தொற்று இல்லை" என்ற சான்றிதழும் ஒன்றல்ல. அதேபோல், மாதிரியில் எத்தனை சிப்பிகளில் இருக்கிறது என்பதைத் தொற்று வீதம் என்றும், ஒரு சிப்பியில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தொற்றுச் செறிவு என்றும் பிரித்துவிடுங்கள். முப்பது சிப்பிகளிலும் இலேசாக இருப்பது ஒரு நிலைமை, மூன்றில் மட்டும் கடுமையாக இருப்பது வேறு.

மூன்றாவது கேள்விக்கு, இரண்டு சொற்கள் வேண்டும். எம்எஸ்எக்ஸ் தொற்றிய சிப்பிகளை உப்பு ஆயிரத்துக்கு 10 பங்குக்குக் கீழே உள்ள நீருக்கு, 20 பாகைக்கு மேலான வெப்பத்தில் மாற்றினால் சுமார் இரண்டு வாரத்தில் ஒட்டுண்ணி வெளியேறிவிடும். இதைத் "தொற்று நீக்கம்" எனலாம். டெர்மோவில் அதே நீர் ஒட்டுண்ணியின் பெருக்கத்தை அடக்கும், கொல்லாது. உப்பும் வெப்பமும் ஏறியதும் மீண்டும் தலைதூக்கும். இது "தொற்று ஒடுக்கம்". இரண்டையும் நீக்கம் என்று எழுதினால், நன்னீர் வரத்துள்ள கழிமுகத்தில் சில வாரம் வைத்திருந்த டெர்மோ சிப்பிகளைச் சுத்தமானவை என்று நம்பி வேறு படுகைக்குக் கொண்டுபோய் இடுவார்கள்.

மருந்து, தடுப்பூசி என்ற தலைப்புகள் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடலாம். மெல்லுடலிகளுக்கு எதிர்ப்பொருள் உருவாக்கும் அமைப்பே கிடையாது. திறந்த கடலில் மருந்து ஊற்றவும் வழியில்லை. அந்த இடத்தில் "தாங்குதிறன் இனத்தேர்வு", "முன்கூட்டிய அறுவடை" என்று இரண்டு பதிவுகள் சேருங்கள். வெப்பமான பருவம் தொடங்குமுன் விற்பனை அளவை எட்டியவற்றை எடுத்துவிடுவதுதான் டெர்மோ உள்ள படுகைகளில் உடனடியாகச் செய்யக்கூடியது.

*

> பல்கருத்திரள்

சிறு திருத்தம்: திரள் என்றால் பல அணுக்கள் கூடியது என்று படிக்க இடமுண்டு. இது ஒரே அணு. "பல்கருவணு" எனலாமே? எண்ணுபவருக்கும் உதவும். உட்கருக்களை எண்ணித் தொற்று கூடுதலாகக் காட்டும் தவறு புதியவர்களிடம் நடப்பதுண்டு. ஒரு பல்கருவணுவில் எத்தனை உட்கரு இருந்தாலும் கணக்கில் ஒன்றுதான்.

*

ஏற்கிறேன், பல்கருவணு. பட்டியலில் மாற்றிவிட்டேன். மார்டெய்லியா பதிவுக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாக எழுதி அனுப்புங்கள். இடைநிலை விருந்தோம்பி என்ற தலைப்பின் கீழ், ஐரோப்பியக் கரைகளில் பாராகார்ட்டியா கிரானி என்ற கோபிபாட் (நுண்ணிய மிதவை ஓட்டுடலி) மார்டெய்லியா ரெஃப்ரின்ஜென்சின் வாழ்க்கைச் சுழற்சியில் பங்கெடுப்பதையும், மார்டெய்லியாவும் எம்எஸ்எக்சும் ஆய்வகத்தில் சிப்பிக்குச் சிப்பி நேரடியாகத் தொற்றுவதில்லை என்பதையும் அங்கே குறிக்க வேண்டும். இல்லையென்றால் தனிமைப்படுத்தும் தொட்டியில் தொற்று பரவவில்லை என்பதை வைத்தே "பாதுகாப்பானது" என்று யாராவது எழுதிவிடுவார்கள்.