தோய்ச்சலுக்குப் பிறகும் அரம் கடிக்கிறதா? அனுபவத்தில் கண்டதைச் சொல்லுங்கள்

கத்தி அலகைச் சிவக்கச் சூடாக்கி எண்ணெயில் முக்கி இறுக்குவதுதான் தோய்ச்சல். இறுகியதா என்று அரத்தால் இழுத்துப் பார்ப்போம். எண்ணெயிலிருந்து எடுத்த அலகில் அரம் கடித்தால், அதாவது ஸ்டீலைச் சுரண்டினால், உடனே மறுபடி உலையில் வைக்காதீர்கள். மேல்தோலில் கார்பன் எரிந்துபோய், 0.1 மி.மீ. அளவுக்கு ஒரு மெத்தென்ற படலம் நிற்கும். அதே இடத்தில் இன்னும் நாலைந்து இழுப்பு. படலம் போனதும் அரம் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் அலகு இறுகிவிட்டது. கடித்துக்கொண்டே போனால்தான் கோளாறு. அப்போதும் முதல் சந்தேகம் ஸ்டீல்மேல் இருக்கட்டும்: கார்பன் குறைந்த மைல்டு ஸ்டீலை எந்த எண்ணெயில் முக்கினாலும் கத்தியாகாது.

---

ஸ்டீல் சரி என்றால் அடுத்தது சூடு. "காந்தம் விட்டதும் தோய்ச்சிடு" என்பது பாதி உண்மைதான். காந்தம் ஸ்டீலில் ஒட்டாமல் விடுவது 770 டிகிரி செல்சியஸில். 1084 என்ற கத்தி ஸ்டீல் வகைக்கு 815 வேண்டும். நடுவில் இருக்கும் 45 டிகிரியில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். சமையல் உப்பு உருகுவது 801 டிகிரியில். அதே தடிமன் உள்ள ஒரு துண்டுக் கம்பியில் சிட்டிகை உப்பு வைத்து, உருகும்போது என்ன நிறம் என்று கண்ணில் பதிய வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு அலகையே பாருங்கள். சிவப்புக்குள் கருநிழல் ஒன்று மேகம்போல் நகரும். அது முழுக்கக் கரைந்து நிறம் ஒரே சீரானால் ஸ்டீலின் உள்ளமைப்பு மாறி முடிந்தது. அதற்கப்புறம் 5 நிமிடம் அதே சூட்டில் நிறுத்தினால் போதும்.

---

அந்த நிழல் மிச்சம் இருக்குமோ என்று பயந்து மஞ்சள் வரை ஏற்றுபவர்களும் உண்டு. அதுவும் கெடுதல், சொல்லப்போனால் பெரிய கெடுதல். அரம் அழகாக வழுக்கும், ஆனால் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, உதிரும். ஒரு துண்டை அதேபோல் தோய்ச்சு உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் சாம்பல் பட்டுபோல் மங்கலாக இருந்தால் நல்லது. சர்க்கரைபோல் மினுக்கினால் ஸ்டீலுக்குள் இருக்கும் மணி (நுண்படிகம்) பெருத்துவிட்டது. 870, 840, 800 என்று இறங்கு வரிசையில் மூன்று முறை சூடாக்கி, ஒவ்வொரு முறையும் கருக்கும்வரை காற்றில் ஆறவிட்டால் மணி மறுபடி பொடியாகும்.

---

எண்ணெய் பற்றி யாரும் சொல்லவில்லையே. 1084-க்கு கனோலா சமையல் எண்ணெய் போதும், ஆனால் 50 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த எண்ணெய்தான் வேகமாக ஆற்றும் என்று தோன்றும், நேர்மாறு. கெட்டியான எண்ணெய் அலகைச் சுற்றி ஓடாது, ஆவிப்படலமும் விலகாது. 1095 என்ற ஸ்டீல் அப்படி விட்டுக்கொடுக்காது: 540 டிகிரியைத் தாண்டி இறங்க ஒரு நொடிகூடக் கிடையாது, வேகமான தோய்ச்சல் எண்ணெய்தான் வேண்டும். அதற்காகத் தண்ணீரில் விட்டால் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அலகு கதை முடிந்தது.

உள்ளே விட்டதும் முன்னும் பின்னுமாக அசையுங்கள், பக்கவாட்டில் அசைத்தால் வளையும். வாயைத் தோய்ச்சலுக்கு முன்பே மெலித்துவிடாமல் 0.7 மி.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் ஓலைபோல் நெளியும். பாத்திரம் உலோகமாக, மூடியோடு இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடி போடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது.

---

தோய்ச்ச அலகை மறுநாளைக்கு என்று வைக்காதீர்கள், சும்மா கிடக்கும்போதே வெடிக்கலாம். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பதம் போட, அதாவது விறைப்பைக் கொஞ்சம் தளர்த்த, ஓவனில் வைத்து 200 டிகிரியில் 2 மணி நேரம், ஆறவிட்டு மறுபடி 2 மணி நேரம். ஓவன் முகப்பில் காட்டும் எண்ணை நம்பாமல், அலகு பக்கத்திலேயே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். மெருகேற்றிய பரப்பில் வைக்கோல் நிறம் வரும். நீலம் வந்தால் 300-ஐ ஒட்டிப் போய்விட்டது, வாய் மழுங்கிக்கொண்டே இருக்கும்.

பதம் சரியா என்று அறிய, தீட்டிய வாயை 6 மி.மீ. பித்தளைக் கம்பிமேல் சாய்த்து அழுத்தி இழுங்கள். வாய் லேசாக வளைந்து திரும்பி வர வேண்டும். உதிர்ந்தால் 15 டிகிரி கூட்டி இன்னொரு சுற்று. மணி பெருத்த அலகாக இருந்தால் இதற்கும் மசியாது. வளைந்தபடியே நின்றால் மறுபடி தோய்ச்சலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

---

ஒன்று விட்டுப்போயிற்று: பதம் போட்டபின் கிரைண்டரில் கையுறை போடாதீர்கள். விரல் சுட்டதும் தண்ணீரில் முக்குங்கள். வாயோரம் ஒரு நொடி நீலம் தட்டினாலும் அந்த இடத்துப் பதம் போச்சு.