சிஎஸ்50 விடைகளை கிட்ஹப்பில் போட்டது தப்பா?

வேளச்சேரி_வாசி:
வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினி அறிமுக வகுப்பை ஆன்லைனில் இலவசமாகப் படித்து முடித்து, செய்த பயிற்சி எல்லாவற்றையும் நிரல்களை (கோடு) சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் போட்டு, ரெஸ்யூமேயிலும் லிங்க் கொடுத்திருந்தேன். ஞாயிறுதோறும் கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் கூடிப் படிக்கிற எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி மரியோ பிரமிடில், அதாவது ஹாஷ் (#) குறிகளை வலப்பக்கம் ஒட்டிப் படிக்கட்டு மாதிரி அச்சிடும் பயிற்சியில், மாட்டிக்கொண்டு முழிக்கிறானே என்று லிங்கை அனுப்பினேன். பயல் அப்படியே காப்பியடித்துச் சப்மிட் செய்துவிட்டான், லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) பற்றி நான் கோடுக்குள் குறிப்பாக, கமெண்டில் எழுதியிருந்த 'இந்த லூப் ஓடுது, ஏன்னு தெரியல' உட்பட! இப்போது கூட்டத்தை நடத்தும் அக்கா என்னைத்தான் திட்டுகிறார். உதவி செய்தது குற்றமா? அப்புறம், கிட்ஹப்பில் அந்தக் கோடு இருக்கும் ரெப்போவை மறைத்துவிட்டால் ரெஸ்யூமேயில் காட்ட என்ன இருக்கிறது?

செமிகோலன்:
அக்கா சொன்னது சரிதான். இனிமேல் படிக்கப்போகிறவர் கையில் விடை கிடைக்கும்படி வைப்பதே கூடாது என்று சிஎஸ்50 விதியில் இருக்கிறது, படிக்காமல் டிக் அடித்திருப்பீர்கள், நானும் அப்படித்தான். ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே சட்டம் இல்லை. இன்டர்வியூவுக்குக் கோடு எழுதிப் பழகும் தளமான லீட்கோடில் போட்டி நடக்கும் நேரம் தவிர மற்றபடி விடையை விளக்கி எழுதுவது சகஜம். கணிதப் புதிர்களைக் கோடு எழுதித் தீர்க்கும் தளமான பிராஜெக்ட் ஆய்லரில் முதல் 100 கணக்குகளை மட்டும் வெளியே பேசலாம், அதற்கு மேல் வேண்டாம் என்கிறார்கள்.

பழைய_மெயின்ஃபிரேம்:
ரெப்போவை இன்றைக்கே பிரைவேட் ஆக்குங்கள், 2019 ஜனவரியிலிருந்து அது இலவசம்தான். ஃபைலை மட்டும் அழித்தால் பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) அப்படியே இருக்கும். யாராவது ஃபோர்க் செய்து தங்கள் கணக்கில் பிரதி எடுத்திருந்தால் நீங்கள் பிரைவேட் ஆக்கினாலும் அந்தப் பிரதி வெளியேதான் நிற்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அந்தத் தம்பிக்குக் கோடு அனுப்பியிருக்கவே வேண்டாம். எட்டு வரி பிரமிடில் மூன்றாவது வரியில் எத்தனை இடைவெளி, எத்தனை ஹாஷ் என்று காகிதத்தில் போடச் சொல்லியிருக்கலாம். அஞ்சு, மூணு என்று அவனே எண்ணிவிட்டால் பாதி லூப் வந்துவிடும். அதற்கு மேலும் முட்டிக்கொண்டு நின்றால், அவனுடைய கோடை வாங்கி எந்த வரியில் சறுக்குகிறது என்று காட்டுங்கள்.

திருவான்மியூர்_தோசை:
எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த எனக்குச் சொல்லித்தர ஆளே கிடையாது, அடுத்தவர் கோடைப் படித்துப் படித்துத்தான் கற்றேன். என்ன, நானாக முட்டிமோதி முடித்த பிறகுதான் பார்ப்பேன். பிராஜெக்ட் ஆய்லரிலேயே சரியான விடையைப் போட்டால்தான் அந்தக் கணக்குக்கான விவாதம் திறக்கும். பார்ப்பதா வேண்டாமா என்பதைவிட எப்போது பார்க்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஓஎம்ஆர்_டிராஃபிக்:
இன்டர்வியூ எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பத்துப் பேர் ரெஸ்யூமே பார்த்தால் பத்திலும் அதே பிரமிட். திறந்தே பார்ப்பதில்லை. வகுப்பின் கடைசியில் சொந்தமாக ஒரு பிராஜெக்ட் செய்திருப்பீர்களே, அதைக் காட்டுங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.

வேளச்சேரி_வாசி:
எல்லோருக்கும் நன்றி. ரெப்போவை பிரைவேட் ஆக்கிவிட்டேன், ஃபோர்க் எதுவும் இல்லை. தம்பியும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிறான். நேற்று நூலகத்தில் உட்கார்ந்து, 'அண்ணா, அந்த லூப் ஏன் ஓடுது?' என்று கேட்டான். இரண்டு பேரும் காகிதத்தில் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.