ஃபீட் என்பதற்கு ‘வலையோடை’: பல்கலைக்கழக நூலகச் சேவைகளை முன்வைத்து

அனைவருக்கும் வணக்கம்.

ஓர் இணையதளத்தின் புதிய பதிவுகளைச் செயலிகள் எடுத்துக்கொள்ளும்படி பட்டியலிட்டு வைக்கும் ஃபீட் (feed) என்பதற்கு ‘ஊட்டம்’ என்னும் சொல்லை நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். வேர்ப்பொருளுக்கு அது நெருக்கமானதே. ஆயினும் பல்கலைக்கழக நூலகங்களின் கைப்பேசிச் சேவைகளை விளக்கும் ஆவணங்களில் அதை ஆள எனக்குத் தயக்கம் உண்டு. ஊட்டுபவர் உணவை உண்பவரின் வாயருகே கொண்டுவருகிறார்; ஃபீட் இயங்கும் முறை அதுவன்று. நூலகத் தளத்தில் இருப்பது, அண்மைப் பதிவுகளின் தலைப்பு, சுருக்கம், நாள், இணைப்பு ஆகியவற்றைக் கொண்ட ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு (செயலிகள் படிக்கத்தக்க உரைக்கோப்பு) மட்டுமே. வாசகரின் கைப்பேசியிலுள்ள செயலிதான் அவ்வப்போது அங்கே சென்று, கோப்பு மாறியிருக்கிறதா என்று கேட்கிறது. மாறவில்லையெனில், ‘மாற்றமில்லை’ எனப் பொருள்படும் 304 என்னும் குறுமறுமொழியோடு நூலகத்தின் வழங்கி (சர்வர்) நிறுத்திக்கொள்ளலாம் என்பதால் தரவுச் செலவும் குறைகிறது. 1999இல் வந்த ஆர்எஸ்எஸ், 2005இல் செந்தரமான ஆட்டம் (Atom) ஆகிய இரு ஃபீட் வடிவங்களுக்கும் இதுவே பொது.

ஓடை நம் வாசலுக்கு வருவதில்லை. நாம்தான் குடத்தோடு போகிறோம். ஆகவே, ஏற்கெனவே ‘செய்தியோடை’யில் பழகிய அச்சொல்லே இயக்கத்தைச் சரியாகச் சொல்கிறது. ஸ்ட்ரீமிங்குக்கும் ‘ஓடை’யைக் கேட்பவர்கள் இருப்பதால், ‘வலையோடை’ என முழுமையாக எழுதி, ஸ்ட்ரீமிங்குக்குத் ‘தாரை’யை விட்டுவிடலாம். நூலகப் பட்டியலில் ‘ஊட்டம்’ என்று தேடுபவருக்கு உணவியல் நூல்கள் வந்து குவியும் என்பதையும் நூலகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நூலைத் திருப்ப வேண்டிய நாள், முன்பதிவு செய்த நூல் வந்துசேர்ந்த செய்தி ஆகியவை குறிப்பிட்ட உறுப்பினருக்கு மட்டும் உரியவை. அவற்றை நூலகமே அனுப்புகிறது. அவற்றுக்கு ‘அறிவிக்கை’ என்னும் சொல் இருக்கிறது. வலையோடையிலோ, யார் எந்த இதழைத் தொடர்கிறார் என்ற பெயர்ப் பதிவே நூலகத்துக்குத் தேவையில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், ஒருவரின் இரவல் விவரத்தைப் பொது ஓடையில் வைத்துவிடும் பிழைக்கு நாமே வழிவிட்டவர்களாவோம்.

கூட்டுச்சொற்களும் இயல்பாக அமைகின்றன: புதுவரவோடை, இதழ்களின் பொருளடக்கத்துக்கு இதழோடை, தேடலோடை. கடைசிச் சொல்லை நான் பெரிதும் விரும்புகிறேன். வாசகரின் தேவைக்குறிப்பை வைத்துப் புதிய ஆவணங்களைத் தெரிந்தளிக்கும் முறையை ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958இல் முன்வைத்தார். இன்று கோஹா போன்ற கட்டற்ற நூலக மென்பொருளில் தேடல் முடிவையே ஓடையாகப் பெறும் ஆய்வு மாணவர், அம்முறையின் எளிய வடிவத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கிறார். பல ஓடைகளைச் சேர்த்துக் காட்டும் செயலிக்கு, வலைப்பதிவுகள் வழியே நமக்குப் பழகிய ‘திரட்டி’ போதும்.

சப்ஸ்கிரைப் என்பதற்குத்தான் எனக்கு இன்னும் நிறைவான சொல் அமையவில்லை. ‘சந்தா’ என்றால் மாணவர்கள் கட்டணம் என்று எண்ணுவர். ‘பின்தொடர்’ ஓர் ஆளைத் தொடர்வதாகத் தொனிக்கிறது. ‘ஓடையைச் சேர்’ என்று பொத்தானில் இடலாமா என்பதைப் பற்றி நண்பர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.