எலும்பு நிரப்பியில் அருமண்: 'மாசூட்டல்' வேண்டாம், வேறு சொல் தேவை

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

எலும்புக் குழிகளை அடைக்கும் ஹைட்ராக்சி அப்படைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமத்தில் லாந்தனம், காடோலினியம் போன்ற அருமண் (rare earth) உலோகங்களின் அயனிகளைச் சிறிதளவு சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் பெருகிவிட்டன. இந்த 'டோப்பிங்'குக்குக் குறைகடத்திப் பாடத்தின் 'மாசூட்டல்' என்ற சொல்லையே பலரும் எடுத்தாள்கிறார்கள். சிலிக்கானுக்கு அது பொருந்தலாம். 'மாசூட்டிய எலும்பு நிரப்பி' என்று நோயாளியின் ஒப்புதல் படிவத்தில் அச்சிட முடியுமா? 'அருமண்' பற்றி எனக்குக் குறை இல்லை. பழைய வேதியியலில் மண் என்றால் ஆக்சைடு. கார மண் உலோகம் என்கிறோமே, அதே வழக்குதான்.

சொல் தேடுமுன் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். லாந்தனம் அயனியின் ஆரம் 103 பிக்கோமீட்டர், கால்சியத்துடையது 100. அளவு ஒத்துப்போவதால் கால்சியத்தின் இருக்கையில் லாந்தனம் உட்கார்ந்துவிடும். ஆனால் மின்னூட்டம் இரண்டுக்குப் பதில் மூன்று. அதை ஈடுகட்ட ஒரு ஹைட்ராக்சைடு தன் ஹைட்ரஜனை இழக்கும். அல்லது மூன்று கால்சியம் போன இடத்தில் இரண்டு லாந்தனம் வந்து ஓர் இருக்கை காலியாகும்.

தங்கத்தில் குழி எடுத்துக் கல் பதிப்பதுபோல என்பதால் 'பதித்தல்' என்று முன்மொழிகிறேன். பாலில் பிரை ஊற்றுவதையும் எண்ணிப் பார்த்தேன். பிரை பெருகும், அயனி பெருகாது, ஆகவே விட்டுவிட்டேன்.

---

> 'பதித்தல்' என்று முன்மொழிகிறேன்

பேராசிரியர் அம்மா, வணக்கம். எலும்பு அறுவை மருத்துவத்தில் பதித்தல் என்றால் உடலுக்குள் தகடும் திருகும் வைப்பதுதான்; அப்படி வைக்கும் பொருள் 'பதியம்'. 'அருமண் பதித்த பதியம்' என்று எழுதினால் எங்கள் பயிற்சி மருத்துவர்களே குழம்புவார்கள்.

எனக்கு வேண்டியது, அயனி எங்கே இருக்கிறது என்று சொல்லும் சொல். படிகத்துக்குள் அமர்ந்திருந்தால், படிகம் கரையக் கரையத்தான் வெளிவரும். மேற்பரப்பில் ஒட்டியிருந்தால் முதல் சில நாட்களிலேயே கசிந்துவிடக்கூடும். இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. எம்ஆர்ஐ சாய மருந்தில் காடோலினியத்தை நண்டின் கொடுக்குபோல இறுகப் பிடித்துவைப்பது அதன் கொடுக்கிப் பிணைப்பு (chelation). அந்தப் பிடி தளர்ந்தவற்றால் சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தோலும் தசையும் இறுகும் நோய் வந்தது 2006இல் வெளிப்பட்டது. எங்கே, எவ்வளவு இறுக்கமாக என்பதே மருத்துவரின் கேள்வி.

ஆகவே 'இடங்கொள்ளல்' என்கிறேன். கால்சியத்தின் இடத்தைக் கொண்ட அயனி 'இடங்கொள் அயனி'. மேற்பரப்பில் ஒட்டியது 'ஏற்றிய அயனி'. தனித்தூளாகச் சேர்த்தது 'கலந்தது'. மக்னீசியத் திருகில் உள்ள இட்ரியம் என்ற அருமண்ணுக்குக் 'கலப்புலோகம்' என்ற பழைய சொல்லே போதும்.

---

மருத்துவர் ஐயா, 'இடங்கொள்ளல்' என் சொல்லைவிட நன்று. ஏற்கிறேன். ஆனால் இடம் கொண்டது என்று காட்டிய பிறகே அந்தச் சொல்லை ஆள வேண்டும். அதுவரை 'அருமண் சேர்த்த' என்று எழுதுவதே நேர்மை.

ஆய்வகத்தில் தவறு நேர்வது இங்கேதான். அப்படைட் தயாரிக்க 100 மில்லிமோல் பாஸ்பேட்டுக்கு உலோகம் மொத்தம் 167 மில்லிமோல் வேண்டும். அந்த உலோகத்தில் லாந்தனம் 1 விழுக்காடு என்றால் அது 1.67, மீதி 165.3 கால்சியம். கால்சியத்தைக் குறைக்காமல் லாந்தனத்தை மேலே சேர்த்தால் விகிதம் கெடும். கால்சியம், லாந்தனம் ஆகிய இரண்டின் நைட்ரேட்டுகளையும் ஒரே கரைசலாகக் கலந்துகொண்டு, அம்மோனியாவால் பிஎச் 10க்குக் குறையாமல் காத்து, பாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். லாந்தனத்தைத் தனியாகப் பாஸ்பேட் கரைசலில் ஊற்றினால் அந்த நொடியே வெண்மையாகத் திரிந்து லாந்தனம் பாஸ்பேட்டாக வீழ்ந்துவிடும். மிகுதியாகச் சேர்த்துச் சூளையில் சுட்டாலும் அதுவே மோனசைட் என்ற அருமண் பாஸ்பேட் கனிமமாகப் பிரியும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் அதே கனிம அமைப்பு, நம் சுடுகிண்ணமான மூசைக்குள்!

எது எந்தக் கனிமம் என்று காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் (X-ray diffraction) படத்தில் அப்படைட்டின் கோடுகள் 28.1, 28.9 பாகையில் வரும். மோனசைட்டின் முதன்மைக் கோடு 28.6 அருகே, இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளும். அவசர ஓட்டத்தில் கண்ணுக்குத் தப்பும். அந்தப் பகுதியை மட்டும் மெதுவாக மறுபடி ஓட்டுங்கள். அயனியின் அளவு ஒத்திருப்பதால், லாந்தனம் இடங்கொண்டாலும் அப்படைட்டின் கோடு நகர்வது மிகச் சிறிதே.

கசிவுச் சோதனையிலும் ஒரு பொறி உண்டு. பாஸ்பேட் தாங்கல் கரைசலில் ஊறவைத்தால், வெளிவந்த லாந்தனம் உடனே பாஸ்பேட்டாக வீழ்ந்து, கசிவே இல்லை என்று காட்டும். சிறுநீரக நோயாளிகளுக்கு உணவின் பாஸ்பேட்டைப் பிடிக்க லாந்தனம் கார்பனேட் மாத்திரை தருவதும் இந்தப் பற்றினால்தானே! பாஸ்பேட் இல்லாத டிரிஸ் தாங்கல் கரைசலில், பிஎச் 7.4, 37 பாகை செல்சியசில் வைத்துப் பாருங்கள்.

சீரியத்துக்கு மட்டும் தனிக் குறிப்பு வேண்டும். காற்றில் சுடும்போது அது நான்கு மின்னூட்டத்துக்கு மாறிச் சீரியம் ஆக்சைடாக வெளியே வந்துவிடக்கூடும். தூள் வெளிர் மஞ்சளாகத் தெரிந்தால் 'இடங்கொள் சீரியம்' என்று எழுத வேண்டாம். அப்போது அது 'சீரியம் ஆக்சைடு கலந்த அப்படைட்'.