சூப்பர் ஃபேமிகாம் கன்ட்ரோலரைப் புளூடூத்துக்கு மாற்றியபின் இணைப்பு நிலைக்கவில்லை

பால்மரச்சாலை (சுங்கை சிப்புட்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்ட மண்டபத்தில் பள்ளி விடுமுறை நாள்களில் பிள்ளைகள் விளையாடுவதற்காக ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து வைத்திருக்கிறோம். குறுக்கே ஓடும் கம்பியில் சின்னப் பிள்ளைகள் கால் தடுக்கி விழுவதால், மன்றத்தில் இருந்த இரண்டு பழைய சூப்பர் ஃபேமிகாம் கன்ட்ரோலர்களைப் புளூடூத்துக்கு மாற்றும் வேலையில் இறங்கினேன். நின்டெண்டோவின் விளையாட்டுக் கருவியாக ஜப்பானில் 1990-இல் வெளிவந்தது அது. இன்றும் அதன் பொத்தான்களில் குறையில்லை, சிறு கைகளுக்கும் அடக்கமாக இருக்கிறது. புதியவை வாங்குவதைவிட இவற்றைக் காப்பாற்றவே விரும்புகிறேன்.

உள்ளே இருந்த பலகையை வெட்டவில்லை. கம்பியை மட்டும் அகற்றிவிட்டு, பொத்தான் நிலையைப் படிக்க உதவும் லேட்ச், கிளாக், டேட்டா ஆகிய மூன்று இணைப்புகளையும் கால் ஊசிகள் நீக்கிய ஓர் இஎஸ்பி32 (புளூடூத் உள்ள சிறு கட்டுப்பாட்டு சிப்) பலகைக்குக் கொண்டுவந்து, கன்ட்ரோலர் பலகைக்கு 3.3 வோல்ட் கொடுத்திருக்கிறேன். 400 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி, இஎஸ்பி32 பலகையின் 5 வோல்ட் முனையில் சேர்கிறது. யூஎஸ்பி கம்பியில் இயக்கும்போது பன்னிரண்டு பொத்தான்களும் சரியாகப் பதிவாகின்றன, புளூடூத்தும் இணைகிறது. பேட்டரிக்கு மாற்றியதும் பட்டியலில் கன்ட்ரோலரின் பெயர் தோன்றுகிறது. இணைக்கச் சொன்னால் சில நொடிகளில் மறைந்துவிடுகிறது. முழுதாகச் சார்ஜ் ஏற்றிய உடனே மட்டும் சற்று நேரம் தாக்குப்பிடிக்கிறது. இரண்டு கன்ட்ரோலர்களிலும் இதே கதைதான். மென்பொருளில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

கம்பியில்லாக் கிள்ளான்:

வணக்கம் நண்பரே. இணைப்பு முறிவதற்குப் பழைய சாவிகள் ஒரு காரணமாக இருக்கக்கூடும். முதல் முறை இணையும்போது, ஒன்றையொன்று அடையாளம் காண்பதற்கான ஓர் இரகசியக் குறியீட்டை, அதாவது சாவியை, இரு பக்கமும் சேமித்துக்கொள்கின்றன. பிறகு இஎஸ்பி32-இன் நினைவகத்தை நீங்கள் அழித்து நிரலை மீண்டும் ஏற்றினால், பலகை அந்தச் சாவியை மறந்துவிடும்; ராஸ்பெர்ரி பை மட்டும் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். ராஸ்பெர்ரி பையில் புளூடூத்தைக் கட்டளைகளால் நிர்வகிக்கும் புளூடூத்சிடிஎல் நிரலில் அந்தக் கருவியை முதலில் 'ரிமூவ்' கட்டளையால் நீக்கி, 'பேர்' (ஜோடி சேர்) கட்டளையைக் கொடுத்து, அதன்பின் மறவாமல் 'டிரஸ்ட்' (நம்பு) கட்டளையையும் கொடுங்கள். டிரஸ்ட் கொடுக்காத கருவி, அடுத்த முறை இயக்கும்போது தானாக வந்து சேராது.

ஆலை மின்வினைஞர் (தெலுக் இந்தான்):

தம்பி, மேலே நண்பர் சொன்னதைச் செய்து பார்ப்பதில் தவறில்லை. ஆனால் சாவிதான் காரணம் என்றால் யூஎஸ்பியிலும் இணைப்பு முறிந்திருக்க வேண்டும். யூஎஸ்பியில் நன்றாக இருந்து பேட்டரியில் மட்டும் படுத்துக்கொள்கிறது, அதுவும் முழுச் சார்ஜில் சற்று நேரம் தாக்குப்பிடிக்கிறது என்கிறீர்கள். இது மென்பொருள் கோளாறு அன்று, மின்னழுத்தக் கோளாறு என்றே எனக்குப் படுகிறது. செம்பனை ஆலையில் உணர்கருவிகளைப் பராமரிக்கும் எனக்கு, தகவல் தொடர்புப் பிழை என்று புகார் வந்து, போய்ப் பார்த்தால் மின்வழங்கி பழுதாக இருப்பது பழகிப்போன ஒன்று.

யூஎஸ்பி வாயோடு வரும் இத்தகைய பலகைகளில் பெரும்பாலும் மின்னழுத்தத்தைக் குறைத்து நிலைப்படுத்தும் ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டரே இருக்கும். அது 3.3 வோல்ட் கொடுக்க வேண்டுமானால், உள்ளே வரும் மின்னழுத்தம் அதைவிட ஏறத்தாழ 1.1 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் அதற்குக் குறைவே இல்லை. உங்கள் பேட்டரியோ முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், ரெகுலேட்டரைக் கடந்தபின் 3.1 வோல்ட்தான் மிஞ்சும். சற்று இறங்கி 3.7 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் மிஞ்சுவது 2.6. இஎஸ்பி32 வெறுமனே விழித்திருக்க அது போதும் போலத் தோன்றினாலும், ரேடியோ அலை அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் நூறு மில்லியாம்பியரைத் தாண்டி எகிறும்போது அழுத்தம் இன்னும் சரிந்து, சிப் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். பெயர் பட்டியலில் தோன்றி மறைவது அதனால்தான்.

இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. அதில் ஒரு கண்ணியும் உண்டு. பலகை என்ன சொல்கிறது என்று கணினியில் பார்ப்பதற்காக யூஎஸ்பியைச் சொருகினால், பலகைக்கு 5 வோல்ட் கிடைத்துவிடும். கோளாறு அந்த நொடியே ஒளிந்துகொள்ளும். ஆகவே பலகை அனுப்பும் செய்திகளைக் கணினிக்குக் கொண்டுவரும் யூஎஸ்பி-டிடிஎல் மாற்றி ஒன்றைத் தனியாக எடுத்து, அதன் கிரவுண்டைப் பலகையின் கிரவுண்டோடும், அதன் ஆர்எக்ஸ் (பெறும்) முனையைப் பலகையின் டிஎக்ஸ் (அனுப்பும்) முனையோடும் மட்டும் சேருங்கள். அதன் 5 வோல்ட் முனையைத் தொடவே வேண்டாம். பேட்டரியில் இயக்கி, வினாடிக்கு 115200 பிட் வேகத்தில் கணினித் திரையில் பாருங்கள். இணைக்கும் கணத்தில் 'பிரவுன்அவுட் டிடெக்டர்' (மின்னழுத்தச் சரிவைக் கண்டறியும் அமைப்பு) என்ற வரி வந்தால் ஐயமே இல்லை. சாதாரண மல்டிமீட்டரை நம்ப வேண்டாம். அவ்வளவு குறுகிய சரிவை அது காட்டாது.

வரி வந்தால், ஏபி2112கே 3.3 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்றை வாங்குங்கள். அது 600 மில்லியாம்பியர் வரை கொடுக்கும். அந்தச் சுமையிலும் கால் வோல்ட் அளவே விழுங்கும். இணையத்தில் கிடைக்காவிட்டால் கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பேட்டரியை அதன் வழியே நேராக 3.3 வோல்ட் முனைக்குக் கொடுத்து, அதன் அருகிலேயே ஒரு கெபாசிட்டரையும் சாலிடர் செய்துவிடுங்கள். அதன்பின் பேட்டரி ஓடும்போது யூஎஸ்பியைச் சொருகாதீர்கள். இரண்டு ரெகுலேட்டர்களும் ஒன்றையொன்று தள்ளும்.

பால்மரச்சாலை:

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி இரண்டு இணைப்புகளை மட்டும் சேர்த்துப் பார்த்தேன். பெயர் பட்டியலில் வந்ததும் இணைக்கச் சொன்னேன். திரையில் பிரவுன்அவுட் வரி விழுந்தது, உடனே பலகை முதல் வரியிலிருந்து மறுபடியும் தொடங்கியது. புதிய ரெகுலேட்டரைப் பொருத்தியபின் முதல் கன்ட்ரோலர் பாதிச் சார்ஜிலும் இணைந்து நிற்கிறது. டிரஸ்ட் கட்டளையும் கொடுத்துவிட்டதால் இயக்கியதும் தானாகவே வந்து சேர்கிறது. கிள்ளான் நண்பருக்கும் நன்றி. இரண்டாவது கன்ட்ரோலர் மட்டும் தொலைக்காட்சியின் அருகில் ஒழுங்காக வேலை செய்து, மண்டபத்தின் நடுவே வந்ததும் பொத்தான்களைத் தவறவிடுகிறது. அதில் இடம் போதாமல் பேட்டரியை இஎஸ்பி32-இன் மேலேயே ஒட்டியிருக்கிறேன்.

ஆலை மின்வினைஞர்:

அந்தப் பேட்டரியைத்தான் முதலில் நகர்த்த வேண்டும், தம்பி. பலகையின் ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடும் செப்புக் கோடுதான் ஆன்டெனா. பேட்டரியின் உறை உலோகத் தகடு. அதை ஆன்டெனாவின் மேல் போர்த்தினால் அலை வெளியே போகாது. தயாரிப்பாளரே ஆன்டெனாவைச் சுற்றி 15 மில்லிமீட்டர் காலி இடம் விடச் சொல்கிறார். கன்ட்ரோலர் கூட்டுக்குள் அவ்வளவு கிடைக்காது. முடிந்தவரை ஆன்டெனா முனை, கம்பி வெளியேறிய மேல் விளிம்பைப் பார்க்கும்படி வையுங்கள். பழைய பலகையின் செம்பும் அதற்கு நேர் கீழே வர வேண்டாம். ராஸ்பெர்ரி பையின் நீலநிற யூஎஸ்பி 3 வாயில் வெளி வன்தட்டு மாட்டியிருந்தால் அதையும் நீண்ட கம்பியில் தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல், புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழும்.

பிள்ளைகள் கையில் கொடுக்கும் பொருள் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். டிபி4056 சார்ஜர் பலகை வைத்திருந்தால், அது கடையிலிருந்து வரும்போது 1 ஆம்பியர் ஏற்றும்படி அமைந்திருக்கும். 400 எம்ஏஎச் பேட்டரிக்கு அது மிக அதிகம். அதிலுள்ள 1.2 கிலோஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 5 கிலோஓம் போட்டால் 250 மில்லியாம்பியர் அளவுக்கு இறங்கிவிடும். கூட்டை மூடுமுன் திருகு இறங்கும் தூண்கள் பேட்டரியை அழுத்தவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.