வகிட்டுல தெரியிற வெள்ளைக் கோடு: வீட்டுலயே டச்சப் பண்றவங்க அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

எனக்கு 47 வயசு. எம்.சி. ரோட்ல ஒரு புடவைக் கடையில வேலை. எங்க வேலையில வகிட்ட மறைக்கவே முடியாது. புடவையை விரிச்சுக் காட்ட குனிஞ்சா, எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க கண்ணுக்கு நேரா நம்ம உச்சந்தலை. மேல வரிசையா ட்யூப்லைட். முடி மாசத்துக்கு 1 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடவே வளருது. அதனால டை அடிச்ச மூணாவது வாரமே அரிசி நீளத்துக்கு வெள்ளை எட்டிப் பார்க்கும். ஒரு நாள் ஒரு பாட்டி முகூர்த்தப் புடவை பார்த்துக்கிட்டே, "இந்த வயசுல உனக்கு இவ்ளோ நரையாம்மா?"ன்னு கேட்டாங்க. பாசமாத்தான் கேட்டாங்க. ஆனா அன்னைக்கு ராத்திரி கண்ணாடி முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன்.

37 வயசுல டை அடிக்க ஆரம்பிச்சேன். பாக்கெட்ட பிரிச்சா உச்சியிலேர்ந்து நுனி வரைக்கும் முழுத் தலைக்கும் பூசுறதுதான் வழக்கம். எங்க அக்காவும் அப்படித்தான், அத்தையும் அப்படித்தான், வேற மாதிரி யாரும் சொல்லித் தரல. எனக்கு இடுப்பு வரைக்கும் முடி. நுனியில இருக்கிற முடி முளைச்சு அஞ்சு வருஷம் ஆகியிருக்கும். மாசம் ஒரு தடவைன்னு கணக்குப் போட்டா அதே முடி மேல 60 தடவை டை ஏறியிருக்கு. கடைசியில நுனியெல்லாம் தேங்கா நார் மாதிரி ஆச்சு. அந்தக் கருப்புல உயிரே இல்ல. சீப்பு வச்சா பாதியில அறுந்து வரும்.

எங்க மாடியில குடியிருக்கிற அக்கா முன்னாடி பார்லர் வச்சிருந்தவங்க. அவங்கதான் ஒரு ஞாயித்துக்கிழமை என்னை உட்கார வச்சு சொன்னாங்க: "புதுசா முளைச்ச முடிக்குத்தாண்டி கலர் வேணும். பழைய முடி ஏற்கெனவே கருப்பு. அதுக்கு எதுக்கு மறுபடி மறுபடி ஊத்துற?" கிரீம் டையில இருக்கிற அமோனியா முடியோட மேல்செதிலைத் திறக்குமாம். பெராக்சைடு உள்ள போய் பழைய நிறத்தை வெளுக்க வச்சு, புது நிறத்தையும் அங்கயே உருவாக்குமாம். அந்தச் செதிலை மாசா மாசம் திறந்துக்கிட்டே இருந்தா முடி எப்படித் தாங்கும்? ஒன்பது வருஷமா என் முடிய நானே கெடுத்திருக்கேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

இப்ப நான் செய்யிறது இதுதான். முந்தின நாள் ராத்திரி தலைக்குக் குளிச்சிடுவேன். டை அடிக்கிற அன்னைக்கு எண்ணெயும் கிடையாது, ஷாம்பூவும் கிடையாது. எண்ணெய் வழியிற முடியில கலர் திட்டுத் திட்டாப் பிடிக்கும். பளபளன்னு அப்பதான் தேய்ச்சுக் குளிச்ச மண்டையில எரியும். முடி நல்லா காஞ்சிருக்கணும். நெத்தி ஓரம், காது, பின்கழுத்து மூணு இடத்துலயும் வாசலின். பழைய நைட்டி, கையில க்ளவுஸ், கீழ நியூஸ்பேப்பர். முக்கியமா, தோள்லேர்ந்து கீழ இருக்கிற பழைய முடி முழுக்க கண்டிஷனர் தடவி பின்னிப் போட்டுடுவேன். குளிக்கும்போது வழியிற கலர் அதுல சுலபமா ஒட்டாது.

தலைய நாலா பிரிச்சு கிளிப் போடுவேன். காதுக்குக் காது ஒரு வகிடு, நெத்தியிலேர்ந்து பிடரிக்கு ஒரு வகிடு. முதல்ல நரை பிடிவாதமா இருக்கிற இடம், எனக்கு அது நெத்திப்பொட்டும் காதோரமும். அந்த முடி முரடா இருக்கு, கலர் ஏற நேரம் எடுக்குது. அப்புறம் வால் சீப்பால விரல் அகலத்துக்கு ஒவ்வொரு வகிடா எடுத்து, வெள்ளை தெரியிற இடத்துல மட்டும் பிரஷ்ஷால வைப்பேன். தேய்க்க மாட்டேன், வைப்பேன். கலவை பிளாஸ்டிக் கிண்ணத்துலதான். வெள்ளை முடிய மூட 6 சதவீத டெவலப்பர் (கிரீமோட கலக்கிற பெராக்சைடு) போதும், கடையில 20 வால்யூம்னு கேட்டா தருவாங்க. வேகமாப் பிடிக்கும்னு 30 வாங்கிடாதீங்க, வீட்டுல அது வேண்டாம். நேரம் பெட்டியில போட்டிருக்கிறபடிதான், எனக்கு 35 நிமிஷம். மிஞ்சின கலவைய மூடி போட்டு எடுத்து வைக்கவே கூடாது. காத்துப் பட்டு கெட்டுப் போகும், உள்ள வாயு சேர்ந்து மூடியே தெறிக்கும். அதனால ட்யூப்லேர்ந்து மூணுல ஒரு பங்கு கிரீம்தான் பிதுக்குவேன். ஒரு ட்யூப் மூணு தடவைக்கு வருது.

ஒரு வருஷமும் ரெண்டு மாசமும் ஆச்சு. வேர்லேர்ந்து காது வரைக்கும் இருக்கிற முடி இப்பத் தொட்டாலே வேற மாதிரி இருக்கு. உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

ராயபுரத்திலிருந்து

சகோதரி நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் ஒன்று விடுபட்டிருக்கிறது, அதைச் சொல்லவே எழுதுகிறேன். எனக்கு 61 வயது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 14 ஆண்டுகள் ஒரே டையைத்தான் அடித்தேன். மீசைக்கும் சேர்த்து. ஒரு நாள்கூட அரிப்பு வந்ததில்லை.

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு வழக்கம்போல் அடித்தேன். மறுநாள் காலை காதுமடலில் லேசான ஊறல். வியர்க்குரு என்று விட்டுவிட்டேன். இரவுக்குள் நெற்றி தடித்தது. அதற்கடுத்த நாள் விடிந்தபோது இரண்டு கண்ணும் திறக்க முடியவில்லை. என் மனைவி கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். தோல் பிரிவு மருத்துவர் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "தலைக்கு என்ன போட்டீங்க?"

பாராபினைலீன்டயமின் என்கிற பொருள்தான் காரணம் என்றார்கள். கருப்பு, அடர்பழுப்பு டைகளில் அதிகம் இருப்பது அது. இத்தனை வருடம் வராதது இப்போது ஏன் என்று கேட்டேன். இந்த ஒவ்வாமை எத்தனை வருடம் கழித்தும் வரலாமாம், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு உடம்பு அதை மறப்பதில்லையாம். எப்போதாவது கருப்பு மருதாணி வைத்ததுண்டா என்றும் கேட்டார். எப்போதோ ஒரு பொருட்காட்சியில் பேரனோடு சேர்ந்து கையில் தேள் படம் போட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. அதில் கலப்பதும் இதே பொருள்தான். அதுவும் வெறும் தோலின் மேல்.

நிச்சயதார்த்தப் படங்களில் கருப்புக் கண்ணாடியோடு நிற்கிறேன். என் மகள் அந்த ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆகவே, ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். போன மாதம் ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த மாதத்துக்குக் கணக்கில்லை. "அமோனியா இல்லை" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி ஏமாறவும் வேண்டாம். அமோனியா வேறு, இது வேறு. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். புருவத்துக்கும் இமைக்கும் டையைக் கொண்டுபோகவே வேண்டாம்.

திருவொற்றியூரிலிருந்து

யக்கா, தண்ணியப் பத்தி யாரும் சொல்லலியே. எங்க பக்கம் போர் தண்ணி உப்பு. பக்கெட்ல ராத்திரி புட்ச்சி வச்சா காலைல அடியில வெள்ளையாப் படியும். அதுல அலசி அலசி எனக்கு முடி கலர் பத்து நாள்லயே செம்பட்டை அடிச்சுது. டை மோசம்னு நெனச்சு மூணு டை மாத்துனேன், ஒண்ணும் ஆவல. இப்ப டை அடிக்கிற அன்னிக்கு மட்டும் லாரில வர்ற மெட்ரோ வாட்டர் ரெண்டு பக்கெட் தனியா எடுத்து வச்சிருவேன். லாரி வராத நாள்ல டை கெடயாது, அவ்ளோதான். அப்புறம் ரெண்டு நாளைக்கு ஷாம்பூ போடறதில்ல. இப்ப நாலு வாரம் நிக்குது.

பெரம்பூரிலிருந்து

எனக்கு டை ஒத்துக்கலை, ராயபுரம் ஐயா அளவுக்கு இல்லைன்னாலும் பின்கழுத்துல புண்ணு வந்துச்சு. அதனால மருதாணி, அவுரி (நீலச் சாயம் குடுக்கிற இலைப்பொடி). ரெண்டும் ராசப்ப செட்டி தெருவுல நாட்டு மருந்துக் கடையில வாங்குறேன். வேருக்கு மட்டும்னா ரெண்டுலயும் 50 கிராம் தாராளம்.

முதல் தடவை செஞ்ச தப்பைச் சொல்றேன். மருதாணிய ராத்திரியே டீ டிகாஷன்ல கரைச்சு ஊற வைப்போம் இல்லையா, அதே மாதிரி அவுரியையும் ராத்திரியே கரைச்சு வச்சேன். காலையில பூசினா ஒரு கருப்பும் இல்லை. உச்சியில ஆரஞ்சு மேல பாசி படிஞ்ச மாதிரி ஒரு நிறம், திங்கக்கிழமை அப்படியேதான் வேலைக்குப் போனேன். அவுரி அப்படிக் காத்திருக்காது. வெதுவெதுப்பான தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கரைச்சு, பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல தலைக்கு ஏத்திடணும். மருதாணி முதல்ல, ரெண்டு மணி நேரம் வச்சு அலசணும், நரை முழுக்க ஆரஞ்சாகும். பயப்படாதீங்க. அதுக்கு மேல அவுரி ஒரு மணி நேரம். முதல் நாள் பச்சை கலந்த மாதிரி தெரியும், ரெண்டு நாள்ல தானா கருக்கும். வெள்ளிக்கிழமை சாயந்தரம் போட்டா திங்கக்கிழமைக்குச் சரியா இருக்கும்.

ஒண்ணு, மருதாணி தனியா யார் தலையையும் கருப்பாக்காது. அதோட நிறம் செம்மை. "பத்து நிமிஷத்துல கருக்கும் மருதாணி"ன்னு யாராவது குடுத்தா அதுல டை கலந்திருக்குன்னு அர்த்தம். எனக்குப் புண்ணு வந்ததே அப்படி ஒரு பாக்கெட்டால்தான்.

காசிமேட்டிலிருந்து

நான் எனக்காக எழுதல, எங்க அம்மாவுக்காக எழுதுறேன். அம்மா மீன் விக்கிறவங்க. விடிகாலையில ஏலம் எடுத்து, தலையில கூடை வச்சு தெருத்தெருவாப் போவாங்க. சும்மாடு வைக்கிற இடத்துல முடி தேஞ்சு தேஞ்சு அறுந்திருக்கும். சில நாள் தோலே வழண்டிருக்கும். அவங்களுக்கு 44 வயசுதான், ஆனா முன்னாடியெல்லாம் வெளுத்துப் போச்சு. வெயிலும் உப்புக் காத்தும் பட்டு பழைய முடி செம்பட்டையா, வேர் வெள்ளையா, நடுவுல கருப்பா மூணு நிறத்துல இருக்கும்.

அம்மா அவசர அவசரமா கையாலயே அள்ளிப் பூசிக்குவாங்க. ஒரு தடவை அந்த வழண்ட இடத்துல பட்டு துடிச்சுப் போயிட்டாங்க. தண்ணிய ஊத்து ஊத்துன்னு கத்தினாங்க. அன்னையிலேர்ந்து நான்தான் போட்டு விடுறேன். முதல்ல மண்டைய முழுக்கப் பார்ப்பேன். கீறல், கொப்புளம், சிவப்பு ஏதாவது இருந்தா அந்த வாரம் கிடையாது. அம்மா திட்டுவாங்க, "கல்யாணத்துக்குப் போவணும்டி, போடுடி"ன்னு. போட மாட்டேன். ஆறட்டும்னு சொல்லி தேங்கா எண்ணெய் மட்டும் வைப்பேன்.

பின்பக்கம் எல்லாரும் விட்டுடுறாங்க. முன்னாடி நாலு முடிய கருப்பாக்கிட்டு போயிடுறோம், கொண்டைக்குக் கீழ பிடரியில வெள்ளை அப்படியே நிக்கும். அத தனக்குத் தானே யாராலயும் பார்க்க முடியாது. அம்மாவ தரையில உட்கார வச்சு, நான் முக்காலியில உட்கார்ந்து, அவங்க தலைய என் முட்டி மேல சாய்ச்சு வச்சு பிடரியில ஒவ்வொரு வகிடா எடுத்துப் போடுவேன். அந்த அரை மணி நேரம்தான் அம்மா சும்மா உட்கார்ந்து நான் பார்க்கிறது. பாதியில தூங்கிடுவாங்க. மே மாசத்துல மட்டும் மதியத்துல போடாதீங்க, வேர்வையோட வழிஞ்சு கண்ணுக்குப் போயிடும். நாங்க சாயந்தரம் காத்து வந்ததுக்கு அப்புறம் வாசப்படியிலதான்.

செம்பட்டையான பழைய முடிக்கு என்ன பண்றதுன்னு தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு வச்சேன். வேருக்குப் போட்டு நேரம் முடியிற கடைசி அஞ்சு நிமிஷத்துல, தலையில இருக்கிறதையே கொஞ்சம் தண்ணி தொட்டு கீழ இழுத்து விடச் சொன்னாங்க. அதுவும் மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான். இப்ப மூணு நிறம் தெரியல.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து, மறுபடியும்

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். ராயபுரம் அண்ணா எழுதினதப் படிச்சப்ப கை நடுங்குச்சு. ஒன்பது வருஷம் முழுத் தலைக்கும், அதுக்கப்புறம் ஒரு வருஷம் வேருக்கு. ஒரு தடவைகூட நான் பொட்டு வச்சுப் பார்த்ததே இல்ல. எங்க அக்காவும் பார்த்ததில்ல. மாடி அக்காகிட்டக் கேட்டா, பார்லர்ல வர்றவங்களுக்கு வைப்பேன், நீ அவசரப்பட்டதால விட்டுட்டேன்னு வருத்தப்பட்டாங்க.

காசிமேட்டுத் தங்கச்சி, உங்க அம்மாவுக்கு என் அன்பச் சொல்லுங்க. பிடரியப் பத்தி நீங்க சொன்னதும் என் பொண்ணக் கூப்பிட்டு போன்ல படம் எடுக்கச் சொன்னேன். நீங்க சொன்ன மாதிரியே, கொண்டைக்குக் கீழ ரெண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை. இத்தனை நாளா என் பின்னாடி நின்னு புடவை பார்த்தவங்க எல்லாருக்கும் அது தெரிஞ்சிருக்கு.

நேத்து வெள்ளிக்கிழமை சாயந்தரம் கடையிலேர்ந்து வந்ததும், கிரீமும் டெவலப்பரும் ஒரு துளி கலந்து இடது காதுக்குப் பின்னாடி வச்சேன். ஆறு மணி இருக்கும். இன்னைக்கு மதியம் வரைக்கும் ஊறல் இல்ல, சிவப்பும் இல்ல. நாளைக்கு சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் 48 மணி நேரம் முடியுது. அதுவரைக்கும் எதுவும் வரலன்னா பொண்ணு பின்னாடி உட்கார்ந்து போட்டு விடுறேன்னு சொல்லியிருக்கா. மெட்ரோ தண்ணி ரெண்டு பக்கெட் இப்பவே பிடிச்சு மூடி வச்சாச்சு.