கான்ட்ராஸ்ட் பெயின்ட் ஒரே பூச்சு: ஸ்பேஸ் மரீன் கவசத்துக்குப் போதுமா?

நீலக்கவசம்:
வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டை ஆட 40 ஸ்பேஸ் மரீன்களை (கவசம் போட்ட வீரர் பொம்மைகள்) ஒட்டி வைத்திருக்கிறேன், எதற்கும் இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. ஸ்லாப்சாப் முறையில் போடச் சொன்னார்கள்: கறுப்பு ப்ரைமர் (அடிப்பூச்சு), மேலே சாம்பலிலும் வெள்ளையிலும் டிரை பிரஷ் (பெயின்டைத் துடைத்த பிரஷால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது), கடைசியில் கான்ட்ராஸ்ட் என்ற அடி தெரியும் பெயின்டில் நீலம் ஒரே பூச்சு. ஐந்து செய்து பார்த்தேன். பைகளும் துணியும் அருமையாக வந்தன, ஆனால் தோள்கவசம் முழுக்கத் திட்டுத் திட்டாக இருக்கிறது, கீழ் ஓரத்தில் கருநீல வளையம் வேறு. என் கைத்தவறா, பெயின்டே அப்படித்தானா?

மூன்றாம்பூச்சு:
பெயின்ட் அப்படித்தான். 2019-ல் கான்ட்ராஸ்ட் வந்ததிலிருந்து இதையே சொல்லி வருகிறேன். பள்ளத்தில் தேங்கி மேட்டில் மெலிவதற்கென்றே செய்த பெயின்ட் அது. தசையும் வரிவரியான ஓடும் உள்ள டைரனிட் (வேற்றுக்கிரகப் பிராணி) மாதிரி பொம்மைகளுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. மரீனின் தோள்கவசமோ வழவழப்பான அரைக்கோளம், தேங்கப் பள்ளமே கிடையாது, அதனால் வழிந்து போய் ஓரத்தில் காய்கிறது. சாதாரண பேஸ் பெயின்டைத் தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு பூச்சு, இடுக்குகளில் மட்டும் வாஷ் (நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட்), அப்புறம் ஓரங்களில் வெளிர்நீலக் கோடு. கவசத்துக்கு வேறு வழியே இல்லை.

படைமுதலில்:
இதை நான் ஏற்கவே மாட்டேன். 40 மரீனுக்கும் ஓரக்கோடு போடச் சொன்னால் அவர் பத்தோடு நிறுத்திவிடுவார், மீதி பெட்டிக்குள் போய்விடும், எனக்கு அதுதான் நடந்தது. 2020-ல் வந்த விளையாட்டு விதிகளின் ஒன்பதாம் பதிப்பிலிருந்தே 100 வெற்றிப் புள்ளிகளில் 10 பெயின்ட் அடித்த படைக்குத்தான், அதற்குக்கூட ஓரக்கோடு கேட்கவில்லை. திட்டு வருவதற்கு வைத்தியம் இருக்கிறது: ஒரு நேரத்தில் ஒரு கவசத்தகடு மட்டும், தேங்கியதை ஈரமான பிரஷ் நுனியால் உடனே உறிஞ்சி எடுங்கள், பாதி காய்ந்ததைத் திரும்பத் தொடவே தொடாதீர்கள்.

மூன்றாம்பூச்சு:
உறிஞ்சினால் வளையம் போகும், சரி. டிரை பிரஷ் விட்டுப்போன அந்தப் பொடிப்பொடியான சொரசொரப்பு? கான்ட்ராஸ்ட் கண்ணாடி மாதிரி, அடியில் இருப்பதை மறைக்காது, காட்டிக்கொடுக்கும். துணியில் அது அழகு, இரும்புத் தகட்டில் அது புழுதி.

படைமுதலில்:
அது நியாயம்தான். அப்படியானால் டிரை பிரஷை விட்டுவிட்டு, கறுப்புக்கு மேல் வெள்ளை ஸ்ப்ரேயை உச்சியிலிருந்து மட்டும் அடிக்கட்டும், சொரசொரப்பு வராது. படை முழுதாக மேசைக்கு வர வேண்டும் என்பதில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.

நீலக்கவசம்:
இரண்டு பேர் சொன்னதையும் கலந்து நேற்று ஒன்று முடித்தேன். தோளுக்கும் முழங்காலுக்குக் கீழே உள்ள தகடுக்கும் பேஸ் பெயின்ட், துப்பாக்கி, பை, குழாய்களுக்குக் கான்ட்ராஸ்ட். வளையம் இல்லை. ஆனால் ஓரக்கோடு போடும்போது கை நடுங்கி, ஹெல்மெட்டில் கோடு புருவம் மாதிரி தடித்துவிட்டது.

மூன்றாம்பூச்சு:
நுனியால் வரையாதீர்கள். பிரஷைப் படுக்க வைத்து அதன் பக்கவாட்டை விளிம்பின் மேல் இழுங்கள், விளிம்பே கோட்டைப் பிடித்துக்கொள்ளும். தடித்த இடத்தை அடிநீலத்தால் உள்பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வாருங்கள்.

படைமுதலில்:
அதை சார்ஜண்டுகளுக்கு (குழுத் தலைவர்கள்) மட்டும் செய்யுங்கள். மற்றவற்றுக்கெல்லாம் முதலில் நீலம் ஏறட்டும்.